கரண்ட் போனது போல ஒரு மூச்சு

எனக்கு மாரடைப்பு வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கருமத்தம்பட்டியில் பாதிப் பேர் எனக்கு மாரடைப்பு என்கிறார்கள். மீதிப் பேர் நான் கல்யாண மண்டபத்தில் நடிப்புக் காட்டினேன் என்கிறார்கள். இரண்டும் தப்பு. வந்தது என்ன, எப்படிச் சரியானது, மூச்சுப் பயிற்சி என்கிறார்களே அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், வருகிறவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறள வேண்டியதில்லை.

எனக்கு ஐம்பத்தாறு வயது. வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு விசைத்தறி ஓடுகிறது. நானும் வீட்டுக்காரரும்தான் பார்த்துக்கொள்கிறோம். கல்யாணமாகி வந்ததிலிருந்து, முப்பத்தோரு வருஷமாக, அந்தச் சத்தத்துக்குள்தான் இருக்கிறேன். தறிக் கூடத்தில் கத்தினால்தான் காதில் விழும். வெளியே வந்த பிறகும் எனக்குக் குரல் இறங்காது. கோபக்காரி என்று பெயர். பொய்யில்லை.

ஒரே மகள் கோகிலா. கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து இரண்டு வருஷத்துக்கு முன்னால் திரும்பி வந்துவிட்டாள். இப்போது காந்திபுரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை. காலை பஸ்ஸில் போய் இரவு பஸ்ஸில் வருகிறாள்.

வீட்டுக்காரரின் அண்ணன் மகனுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு அவனுடைய சகோதரி ஜோடியாக நின்று செய்கிற சீர். கூடப் பிறந்தவள் இல்லையென்றால் பெரியப்பா, சித்தப்பா மகள் நிற்பாள். அந்தப் பையனுக்குக் கூடப் பிறந்தவள் இல்லை. அதனால் பையனின் அம்மா, அதாவது என் ஓரகத்தி சரோஜா அக்கா, இரண்டு மாதத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்து கோகிலாவைத்தான் கேட்டார். கோகிலா தன் சம்பளத்தில் கடுகு நிறத்தில் ஒரு பட்டு எடுத்தாள். திரும்பி வந்த பிறகு அவள் தனக்கென்று எடுத்த முதல் நல்ல சேலை அது.

சீர் அன்றைக்குக் காலையில் மண்டபத்துக்குப் போனால், மணவறையில் வேறொரு பெண் நின்றுகொண்டிருக்கிறாள். தூரத்துப் பங்காளி மகள். கோகிலா பட்டுக் கட்டி, பூ வைத்து, படிக்கட்டுக்குக் கீழே நிற்கிறாள். நான் அக்காவிடம் போய் என்னவென்று கேட்டேன். அவர் கத்தவில்லை. தணிந்த குரலில், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"வாழாம வந்த புள்ளைய நிக்க வெச்சா ஒறம்பரை பேசுமில்ல கண்ணு. நல்ல காரியம் பாரு. நீ மனசுல வெச்சுக்காத."

ஒறம்பரை என்றால் எங்கள் பக்கத்தில் சொந்தபந்தம். கண்ணு என்றுதான் சொன்னார். எங்கள் ஊரில் கத்தியைச் சொருகினாலும் மரியாதையோடுதான் சொருகுவார்கள். அவர் வைதிருந்தால் நானும் வைதுவிட்டுப் போயிருப்பேன். கையை உதறிக்கொண்டு மேடையேறினேன்.

"என்ற புள்ள வாழோணும்னுதான்..." என்று ஆரம்பித்தேன். மைக் பக்கத்தில் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

அதற்கு மேல் வரவில்லை. தறியில் பாவு நூல் சுற்றுகிற கனத்த உருளை, அந்தப் பீமைத் தூக்கி நெஞ்சில் நிறுத்தியது போல இருந்தது. இடது தோள் கடுத்தது. வேர்த்துக் கொட்டியது. வாய் திறந்திருக்கிறது, காற்றே இல்லை. சொல்ல வந்தது பாதியில் நின்றுபோனது. பிறகு யாரோ என்னை உட்கார வைத்தார்கள்.

அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஈசிஜி எடுத்தார்கள், மாறியிருந்தது. இதயத் தசையில் அடிபட்டால் இரத்தத்தில் ஒரு பொருள் ஏறுமாம், அதைப் பார்த்தார்கள், ஏறியிருந்தது. அடைப்புத்தான் என்று முடிவு கட்டி, கை நரம்பு வழியாகக் குழாய் விட்டு ஆஞ்சியோகிராம் செய்தார்கள். உள்ளே குளிர். எனக்கு நினைவு இருந்தது. திரையில் என் இரத்தக் குழாய்கள் கறுப்பு வேர் மாதிரி ஓடின. டாக்டர் பார்த்தார், இன்னொரு கோணத்தில் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். நான் செத்துக்கொண்டிருக்கிறேன், அதைச் சொல்லத் தயங்குகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அடைப்பே இல்லை.

வெளியே வந்தபோது கதவுக்கு எதிரே வீட்டுக்காரர் கல்யாண வேட்டியோடு நின்றிருந்தார். நெற்றியில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. கையில் என் செருப்பு. ஸ்டாண்டில் விடச் சொன்னால் மாட்டேன் என்றாராம், தொலைந்துபோகும் என்று. அவர் பேசுகிற ஆள் இல்லை. அந்தச் செருப்பை அவர் மாலை வரை கீழே வைக்கவில்லை என்று கோகிலா பிறகு சொன்னாள். அவளும் அந்தக் கடுகுப் பட்டோடு இரண்டு நாள் நாற்காலியில் கிடந்தாள்.

மறுநாள் டாக்டர் உட்கார்ந்து விளக்கினார். நல்ல மனுஷன், அவசரப்படவில்லை. அதிர்ச்சியோ, பெரிய துக்கமோ, கடும் கோபமோ வந்தால் உடம்பு சண்டைக்குத் தயாராகிறது. அட்ரினலின் என்ற சுரப்பு ஒரே நேரத்தில் கொட்டுகிறது. எப்போதாவது சிலருக்கு, அதிலும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு, அந்தக் கொட்டலில் இதயத்தின் கீழ்ப்பகுதித் தசை மரத்துப்போகிறது. மேல்பகுதி சுருங்குகிறது, கீழ்ப்பகுதி சுருங்காமல் பலூன் போல உப்பி நிற்கிறது. ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்கிற பானை ஒன்று இருக்கிறதாம், குறுகிய கழுத்து, பெருத்த வயிறு. அந்தப் பானையின் பெயரைத்தான் இந்த நோய்க்கு வைத்திருக்கிறார்கள். எக்கோ படத்தில் காட்டினார். என் இதயம் அப்படித்தான் இருந்தது.

பெரும்பாலும் சில வாரங்களில் தானாகத் தேறிவிடும் என்றார். அதுவரை பம்ப் பலவீனம். மாத்திரை கட்டாயம். மறுபடி வருமா என்று வீட்டுக்காரர் கேட்டார். பலருக்கு வராது, சிலருக்கு வரலாம் என்றார். இப்போதைக்குச் சண்டை வேண்டாம் என்றார்.

"சண்டை போடாம எப்படிங் டாக்டர் இருக்கறது?" என்றேன்.

"ஆறு வாரம் மட்டும் லீவு போடுங்கம்மா. சண்டை எங்கயும் போயிராது" என்றார்.

அவர் போன பிறகு கோகிலா என் காலடியில் வந்து நின்றாள்.

"என்னாலதானம்மா உனக்கு இப்படி ஆச்சு. இனி எந்த விசேஷத்துக்கும் நான் வர்லம்மா. ஒறம்பரை வந்தா உள்ளயே இருந்துக்கறேன்."

எனக்கு நெஞ்சுவலியைவிட அதுதான் வலித்தது. மண்டபத்தில் அவ்வளவு பேர் முன்னால் அவளுக்காக ஒரு பேச்சு ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. முடிக்காத பேச்சு அவளுக்கு அவமானமாக மட்டும் மிஞ்சிவிட்டது. எழுந்து போய் அதைச் சொல்லி முடிக்க வேண்டும். ஆனால் அதை நினைத்தாலே தலைமாட்டில் இருந்த மானிட்டரில் நாடித்துடிப்பு எண்பதிலிருந்து நூற்றுப் பத்துக்கு ஓடியது. நர்ஸ் ஓடி வந்தாள். என் கோபத்தை எனக்கே நம்பரில் காட்டினார்கள். இந்த இதயத்தோடு நான் அக்கா முன்னால் வாயைத் திறந்தால் என்ன ஆகும்? அதுதான் என் பயம். சாவதில்கூட அவ்வளவு பயமில்லை. மறுபடியும் பாதியில் நிற்பதில்தான்.

மூன்றாம் நாள் பிசியோதெரபி பெண் வந்தாள். பெயர் நிவேதா, சொந்த ஊர் ஆனைமலை. மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிறேன் என்றாள். மூச்சு விட எனக்குத் தெரியும் என்றேன். அவள் சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. இதயத்துடிப்பு, இரத்த அழுத்தம், வயிற்றில் செரிப்பது எல்லாம் நம்மைக் கேட்காமல் நடக்கிறவை, மூச்சு மட்டும் தானாகவும் நடக்கும், நாம் சொன்னாலும் கேட்கும், உள்ளே நுழைய அது ஒரு வாசல் என்றாள். மூச்சை இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கும். விடும்போது கொஞ்சம் நிதானப்படும். மூளையிலிருந்து இதயத்துக்கு வருகிற ஒரு நரம்பு, விடும்போது பிரேக் பிடிக்கிறது. விடுகிற நேரத்தை நீட்டினால் பிரேக் கூடுதல் நேரம் பிடிக்கும். நிமிஷத்துக்கு ஆறு மூச்சு அளவுக்குக் கொண்டுவந்தால் போதும். மரத்துப்போன தசையை இது குணப்படுத்தாது, அதற்கு மாத்திரையும் நாளும் வேண்டும். உடம்பின் அலறலைத் தணிக்கத்தான் இது.

நாலு எண்ணுகிற வரை இழுக்க வேண்டும், ஆறு எண்ணுகிற வரை விட வேண்டும். பத்து நிமிஷம். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

நான் எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்வேன். கண்ணை மூடிக்கொண்டு எண்ணி, நெஞ்சு நிறைய இழுத்து, முழுக்க விட்டேன். மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. விரல் நுனிகள் மரத்தன. தலை சுற்றியது. மறுபடி வந்துவிட்டது என்று மணியை அமுக்கினேன். நர்ஸ், டியூட்டி டாக்டர், ஈசிஜி வண்டி எல்லாம் வந்தது. கோகிலா சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் முகத்தைப் பார்த்து எனக்கு இன்னும் பயம் வந்தது. ஈசிஜியில் புதிதாக ஒன்றும் இல்லை. படபடப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் நிவேதாவிடம் நன்றாகக் கொடுத்தேன். உன் பயிற்சியில் நான் செத்திருப்பேன், பேசாமல் மாத்திரையைக் கொடுத்துவிடு என்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எங்கீங்கம்மா, சத்தமா எண்ணிக் காட்டுங்க" என்றாள். எண்ணினேன். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பத்து எண்றதுக்கு அஞ்சு செகண்டுங்கம்மா. ஏனுங்க இத்தனை வேகமா எண்றீங்க?"

நான் என்ன வேகம் என்றேன். அது வேகம் என்றே எனக்குத் தெரியாது. அப்போது வீட்டுக்காரர், டாக்டரிடம் கேட்ட அந்த ஒரு கேள்விக்குப் பிறகு முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"அது தறி அடிக்கிற வேகமுங்க. எங்கூட்ல எல்லாரும் அப்படித்தான் எண்ணுவோம்."

பிசியோ பெண் அவரைப் பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. உண்மைதான். தறி நொடிக்கு இரண்டு அடி அடிக்கும், கொஞ்சம் முன்னே பின்னே. நான் குழந்தைக்குத் தொட்டில் ஆட்டியதும், குக்கரை இறக்க எண்ணியதும் அந்த அடியில்தான். அவள் சொன்ன ஆறு மூச்சை நான் பன்னிரண்டாக, அதுவும் நெஞ்சு கொள்ளாத அளவுக்கு இழுத்திருக்கிறேன். அப்படி வேகமாக ஆழமாக மூச்சு விட்டால் உடம்பில் இருக்க வேண்டிய கரியமில வாயுவும் அளவுக்கு மேல் வெளியே போய்விடுமாம். அதனால்தான் உதடு மரத்தது, தலை சுற்றியது. அடக்குவதற்குச் செய்ததைக் கிளப்புகிற மாதிரி செய்திருக்கிறேன்.

சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். அது நகர்வதைப் பார்த்தால் எரிச்சல்தான் வந்தது. எண்ணாமல் செய்ய வழி இல்லையா என்று கேட்டேன். மெதுவாக ஓய்கிற ஏதாவது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள், கடல் அலை மாதிரி என்றாள். கடலை நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்து மெதுவாக ஓய்வது ஒன்றுதான். கரண்ட் போவது. கரண்ட் போனால் தறி வெட்டினது போல நிற்காது. அடி தளர்ந்து, மோட்டார் இழுத்து இழுத்து முனகி, ஒன்றன் பின் ஒன்றாக ஓயும். கடைசித் தறியும் நின்ற பிறகு ஒரு அமைதி வரும். அந்த அமைதியில்தான் வெளியே காக்கை கத்துவதே எங்களுக்குக் கேட்கும். நான் மூச்சை அப்படி விட்டேன். இழுப்பதைப் பெரிதாக்காமல், சாதாரணமாக இழுத்து, பன்னிரண்டு தறியும் ஓய்கிற வரை விட்டேன். கடைசித் தறி நிற்கும்வரை அடுத்த மூச்சுக்கு அவசரப்படவில்லை.

பத்து நிமிஷம் கழித்துக் கோகிலா சொன்னாள், "அம்மா, தொண்ணூத்தி ஆறுல இருந்துது, எம்பத்தி மூணுக்கு வந்துருச்சு."

பெரிய அதிசயமில்லை. மானிட்டர் அப்படித்தான் ஏறும், இறங்கும். ஆனால் அது நான் இறக்கியது. அத்தனை நாளும் எல்லாரும் என்னைப் புரட்டினார்கள், குத்தினார்கள், இரத்தம் எடுத்தார்கள். நானாகச் செய்தது அது ஒன்றுதான்.

ஐந்தாம் நாள் சரோஜா அக்கா வந்தார். ஹார்லிக்ஸ், சாத்துக்குடி. கோகிலா அவரைத் தூரத்தில் பார்த்ததும் மாடிப்படிப் பக்கம் போய்விட்டாள். அக்கா என் கையைத் தடவினார், கல்யாணத்துக்குச் சாம்பார் போதாமல் போனதைச் சொன்னார், உடம்பைப் பார்த்துக்கொள் என்றார். அந்த ஒரு விஷயத்தைப் பற்றி வார்த்தை இல்லை. மானிட்டரில் நூற்றுப் பதினைந்து. மூச்சை விட்டேன். நூற்றுப் பத்து. மறுபடி விட்டேன். நூற்று எட்டு. அதற்கு மேல் இறங்கவில்லை. வாயைத் திறக்கத் தைரியம் இல்லை. அவர் போய் அரை மணி நேரம் கழித்துத்தான் கோகிலா திரும்பி வந்தாள். சாத்துக்குடியை உரித்து எனக்குக் கொடுத்தாள். தான் ஒரு சுளைகூடத் தின்னவில்லை.

ஏழாம் நாள் வீடு. பிறகு ஆறு வாரம் தறிக் கூடத்துக்குள் போகவில்லை. போனால் மூச்சு தறியோடு ஓட ஆரம்பித்துவிடும். முன் அறையில் உட்கார்ந்து காலையிலும் மாலையிலும் பத்துப் பத்து நிமிஷம் செய்தேன். வாட்சப்பில் சொந்தக்காரர்கள் அனுப்பித் தள்ளினார்கள். மாத்திரையை நிறுத்து, மூச்சு ஒன்றே போதும் என்று. அனுப்பியவர்களில் ஒருத்தருக்குக்கூட மூச்சை எப்படி விடுவதென்று தெரியாது. நான் மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லை. யாரும் விடாதீர்கள். ஒருநாள் பயிற்சி நன்றாக வரும், ஒருநாள் வரவே வராது. வராத நாளில் எழுந்து வேலையைப் பார்த்தேன்.

அந்த ஆறு வாரமும் வீட்டுக்கு யார் வந்தாலும் கோகிலா சமையல்கட்டுக்குள் போய்விடுவாள். காபி போட்டு அங்கிருந்தே அப்பாவிடம் கொடுத்தனுப்புவாள்.

மறுபரிசோதனைக்குப் போனோம். எக்கோ அறைக்கு வெளியே இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். வீட்டுக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, என் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பானை இல்லை. கீழ்ப்பகுதி ஒழுங்காகச் சுருங்கி விரிந்தது. மாத்திரையைக் குறைத்துத் தொடரச் சொன்னார்.

"லீவு முடிஞ்சுதுங்களா டாக்டர்?" என்றேன்.

"முடிஞ்சுதுங்கம்மா. ஆனா கத்தாதீங்க" என்றார்.

அந்த வாரமே சரோஜா அக்கா வீட்டுக்கு வந்தார், மாரியம்மன் பொங்கலுக்கு அழைக்க. வழக்கம்போல கோகிலா எழுந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தேன். பிடித்த கையை விடவில்லை. அக்கா அழைத்து முடிக்கட்டும் என்று இருந்தேன். அதுவரை மூன்று முறை, நான்கு முறை, எனக்குள் கரண்ட் போனது. கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அது அப்படியே இருந்தது. ஆனால் நெஞ்சின் மேல் இல்லை, கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. பேச்சு என்பது வெளிமூச்சில்தான் வரும். இது ஐம்பத்தாறு வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

"அக்கா, அன்னைக்கு மண்டபத்துல நான் ஒண்ணு சொல்ல வந்தனுங்க. பாதியில நின்னுபோச்சு" என்றேன்.

"அதெல்லாம் எதுக்கு இப்ப, உடம்புக்கு ஆகாது கண்ணு" என்றார்.

"உடம்பு நல்லாயிருச்சுங்க." மூச்சை இழுத்து நிதானமாக விட்டேன். "என்ற புள்ள வாழோணும்னுதான் அங்கிருந்து வந்தாளுங்க. வர்றப்ப இந்தக் கை ஒடஞ்சிருந்துது. இதோ, இந்தக் கைதான். கட்டுப் போடக் கூட்டீட்டுப் போனது நானு. இந்தக் கை உங்க பையன் சீருக்கு ஆகாதுன்னா, உங்க ஊட்டுச் சீரு எங்களுக்கும் ஆகாதுங்க. ஒறம்பரை பேசும்னு சொன்னீங்க. பேசுனது நீங்க மட்டுந்தானுங்க அக்கா."

அவ்வளவுதான். கத்தவில்லை. கத்தாமல் நான் பேசி எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை என்பதால், உள் அறையிலிருந்து வீட்டுக்காரர் வாசல்படிக்கு வந்து நின்றார்.

சரோஜா அக்கா மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பார் என்று நானும் நினைக்கவில்லை. கோகிலாவின் கையைப் பார்த்தார். கை உடைந்த கதை அவருக்குத் தெரியாது. நாங்கள்தான் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் மூடி வைத்திருந்தோம். அந்தத் தப்பு எங்களுடையது, அதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகு அவர் எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "பொங்கலுக்கு வா அம்மணி" என்றார். என்னிடம் அல்ல.

"பாக்கறனுங்க பெரியம்மா" என்றாள் கோகிலா.

போவாளா மாட்டாளா, எனக்குத் தெரியாது. அது அவள் இஷ்டம். அக்கா போன பிறகு பக்கத்து வீட்டுக்காரம்மா வந்தார், அவருக்குப் பின்னால் நூல் கொண்டுவந்த வண்டிக்காரர் வந்தார். கோகிலா நாற்காலியைவிட்டு எழவில்லை. அவர்களோடு பேசிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். காபியை வீட்டுக்காரர்தான் போட்டுக் கொண்டுவந்தார்.